அம்மா பேசிய படம்

விளக்கை இன்னும் அணைக்கவில்லை, அணைத்தால் தேவலை, வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தால் யாராவது பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள், எந்தப் பத்திரிகை மேடம், டைரக்டருக்குச் சொந்தமா மேடம் என்று கேட்பார்கள், நான் படம் பார்க்க வரவில்லை தம்பி, கேட்க வந்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும். சொன்னால் அதற்கொரு விளக்கம் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருக்கிறேன், துடைத்துக்கொண்டிருப்பவளிடம் யாரும் பேச மாட்டார்கள். சாலிகிராமத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னப் பிரிவியூ தியேட்டர், ரெக்சின் கிழிந்த நாற்காலிகள், பேருக்குப் பத்திருபது பேர், பாதிப் பேர் தாடி வைத்தவர்கள், மீதிப் பேர் தாடி நரைத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறேன், பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் பிலோமினாவா என்று நம்ப மாட்டார். எனக்கு முன்வரிசையில் இருக்கிறவர் தமிழில் இதுவரை வந்ததிலேயே மகத்தான படம் இதுதான் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எப்போது பார்த்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்கிறார். சிரிப்பு வந்தது. சிரிக்க எனக்கென்ன யோக்கியதை, நானும் அவர் கட்சிதான், பார்க்காத படத்தை ஐம்பது வருஷமாக நெஞ்சுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறவள். 'ஈரச் சுவர்கள்' என்று பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அதில் கதாநாயகிக்குக் குரல் கொடுத்தது லூர்து மேரி, என் அம்மா, நான் ஐந்தாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டவள். முகம் இருக்கிறது, கல்யாணப் போட்டோவில் இருக்கிறது, நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று எடுத்த போட்டோவில் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை, எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் ஏது. நான் தொலைபேசித் துறையில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தவள், ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே இது கும்பகோணத்து வெற்றிலை வியாபாரி, இது தூத்துக்குடி உப்பளத்துக்காரர் என்று சொல்லிவிடுவேன், கூட வேலை செய்தவர்கள் என்னைச் சோதித்துப் பார்த்துத் தோற்றுப்போவார்கள். அந்தக் காதில் அம்மா மட்டும் தங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைப் பேச வைத்துப் பார்ப்பேன், வாய் திறக்கும், சத்தம் வராது. இன்றைக்கு வரும். வந்தால் எனக்கு அடையாளம் தெரியுமா. யாரோ ஒரு பொம்பளை பேசுகிறமாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வேன். காலையிலிருந்து ஒரு வாய் இட்லி இறங்கவில்லை.

மறந்துபோனதற்கு நான் என்ன செய்ய முடியும், அம்மா வீட்டில் பேசினால்தானே நினைவிருக்க. கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்தவளை, எங்கள் பங்கிலேயே இருந்த ஒலிப்பதிவாளர் ஒருவரின் மனைவி கூட்டிக்கொண்டு போய் டப்பிங்கில் சேர்த்துவிட்டாள். பெரும்பாலும் கூட்டத்தில் ஒருத்தி, நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, டாக்டர் வந்துட்டார், ஐயையோ தீப்பிடிச்சிடுச்சே, அவ்வளவுதான். அந்தப் படங்களை டிவியில் போடும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பத்துப் பேர் சேர்ந்து ஐயையோ என்று கத்தினால் அதில் எது என் அம்மாவின் ஐயையோ. முழுப்படத்துக்கும் அவள் பேசியது இந்த ஒன்றுதான். பர்ணாலி என்று ஒரு வங்காளத்துப் பெண்ணைக் கதாநாயகியாகப் போட்டுவிட்டார்கள், அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது, வழக்கமாகக் குரல் கொடுக்கிறவர் தேதி இல்லை என்று சொல்லிவிட்டார், கடைசியில் லூர்து மேரியைக் கூப்பிடுங்கள் என்றார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அம்மா வீட்டில் வாயைத் திறக்கவில்லை. காலையில் துணைக்கு ஆரோக்கியம் சித்தியைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறிப் போவாள், அங்கே இருட்டறையில் படத்தின் துண்டு ஒன்றையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், பர்ணாலியின் உதட்டைப் பார்த்துக்கொண்டே அம்மா பேச வேண்டும், அந்த உதடு மூடும்போது இவளும் மூட வேண்டும். சாயங்காலம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். தொண்டை கட்டிக்கொண்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களே என்று பயம், வாயில் பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு கையாலேயே குடும்பம் நடத்துவாள், விரலைச் சுழற்றினால் தலையை வாரிக்கொள், உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் சத்தம் போடாதே. மற்ற வீட்டு அம்மாக்கள் தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்துவார்கள், அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, கையசைத்தாலே புரிந்துகொள்கிற பிள்ளை, அதனாலேயே எனக்கு ஒரு திட்டுக்கூடக் கிடைக்கவில்லை. தம்பி அந்தோணி அடங்காதவன், கிணற்றுச் சுவரில் ஏறுவான், அவனுக்காக மட்டும் அம்மா மௌனத்தை முறித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா, எறங்குடா நாயேன்னு கத்தும் பாரு, இப்பவும் காதுல கேக்குது,' என்பான். நேற்று போன் பண்ணி, நீயும் வாடா என்று கூப்பிட்டேன், எனக்கெதற்கு, நீ போய்க் கேட்டுவிட்டு வா என்றான். இருக்கிறவன் அப்படித்தான் பேசுவான். அவனுக்கு ஒரு 'நாயே'யாவது இருக்கிறது, எனக்கு அதுகூட இல்லை.

படம் வந்தது, ஒரே வாரம். முதல் ஞாயிறு அப்பாவுக்குக் காய்ச்சல், அடுத்த ஞாயிறு எல்லோருமாகப் போகலாம் என்றார், வெள்ளிக்கிழமையே படத்தைத் தூக்கிவிட்டார்கள். அதற்கும் அம்மா ஒன்றும் சொன்னதாக நினைவில்லை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தொடர்ந்து ஆய்ந்தாள். சொன்னதெல்லாம் சித்திதான், அம்மா போன பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே பாட்டு, 'உங்கம்மா அதுல கொழந்தையக் கொஞ்சுவா பாருடி, கண்ணே, செல்லமே, என் ராசாத்தின்னு, கேட்டா கல்லும் கரையும்,' என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாளாம். எனக்கு நெருப்பை அள்ளிக் கொட்டினமாதிரி இருக்கும். என்னை அம்மா ஒருநாளும் கண்ணே என்றதில்லை, இல்லை, சொல்லியிருப்பாளோ, தொட்டிலில் கிடந்தபோது சொல்லியிருப்பாளோ, அதை யார் கண்டது, எனக்கு நினைவு தெரிந்து இல்லை. வீட்டுக்குக் கொண்டுவராத கண்ணேயை எல்லாம் யாரோ பெற்ற சினிமாக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தக் கண்ணே எனக்கு வேண்டும். ஐம்பது வருஷமாக இதைத்தான் தேடினேன், வெளியே சொன்னால் இவளுக்குக் கிறுக்கு என்பார்கள் என்று பழைய படம் சேகரிக்கிறவள் மாதிரி நடித்துக்கொண்டு தேடினேன். கேசட் கடைகளில் கேட்டேன், சிடி வந்தபோது கேட்டேன், தயாரிப்பாளரின் பிள்ளையைத் தேடிப் பிடித்து அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன், அப்பா அந்தப் படத்தோடு நொடித்துப் படுத்தவர்தாம்மா, அதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று கதவைச் சாத்தினார். பிறகு யூடியூப், பெயரைத் தட்டினால் சுவருக்கு நீர்க்கசிவு தடுக்கிற பெயின்ட் விளம்பரம் வரும். கடைசியில் தமீம் கிடைத்தான், பழைய படங்களைத் தேடிப் போடுகிற சங்கம் ஒன்றை நடத்துகிறான், மாசம் தவறாமல் அவனைப் பிடுங்கி எடுத்தேன். போன மாசம் அவனே கூப்பிட்டான். 'ஆன்ட்டி, ஒக்காந்துதான இருக்கீங்க? படம் கெடச்சிருச்சு.' மூடிப்போன பிலிம் லேப் ஒன்றின் குடோனில் டப்பாக்கள் இருந்தனவாம், மேலே பெயின்டில் ஈரச் சுவர்கள் என்று எழுதியிருந்ததாம், பிரிண்ட் சுருங்கிப்போய் வினிகர் மாதிரிக் காடி வாசனை அடிக்கிறதாம். ஒரு தடவை ஓடினால் பெரிய விஷயம், முன்னாலேயே ஓட்டிப் பார்த்தால் உங்களுக்குக் காட்டப் படம் இருக்காது என்று ஆபரேட்டர் சொல்லிவிட்டார் என்றான். சரி, ஒரு தடவை போதும், அம்மா என்னிடம் ஒரு தடவை பேசினால் போதும்.

அணைத்துவிட்டார்கள். மாதாவே. போனை அணைத்துப் பைக்குள் போடச் சொன்னான் தமீம், குடோன்காரர்களோடு அப்படி ஒப்பந்தமாம், யாரும் பதிவு பண்ணக்கூடாது, பையில் அடியில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. முதல் ரீலின் தலைப்பகுதி இல்லை, பெயர்கள் எதுவும் ஓடாமல் சட்டென்று ஒரு தெரு, போகட்டும், குரல் கொடுத்தவர்களின் பெயரை அந்தக் காலத்தில் யார் போட்டார்கள். மழை விட்ட தெரு, கறுப்பு வெள்ளையில் தேங்கிய தண்ணீர் பளபளக்கிறது, ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், தலையில் பாய்ச்சுருட்டு, கையில் தகரப்பெட்டி. இவளா பர்ணாலி. எத்தனை வருஷம் இவளை வெறுத்திருக்கிறேன், பெரிய மனுஷியாக, அலட்டுகிறவளாக நினைத்து வைத்திருந்தேன், இது என்ன, என் மகளைவிடச் சின்னப் பெண், கன்னத்தில் பரு இருக்கிறது. வீணை வாசிக்கிறார்கள், பேச்சில்லை. வீட்டுக்காரர் கதவைத் திறக்கிறார், சாவியைத் தருகிறார், அவரும் பேசவில்லை, பெரிய டைரக்டர்தான், ஒருத்தரையும் பேச விடமாட்டேன் என்கிறார். பூனை ஒன்று சுவர்மேல் நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது, முன்வரிசைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அடையாளம் தெரியுமா, தெரியாதா, எப்படி இருக்கும், அந்தோணி குரல் கொஞ்சம் கட்டை, என் குரல் கீச்சு, அம்மா நடுவில் எங்கேயோ இருப்பாளா. பர்ணாலி பெட்டியை இறக்கி வைக்கிறாள், குழந்தை பக்கம் குனிகிறாள், தலைமுடியை ஒதுக்கிவிடுகிறாள், உதடு பிரிகிறது, இந்த உதட்டைத்தான் அம்மா இருட்டில் பார்த்துக்கொண்டு நின்றாள், இதோ. வந்துவிட்டது. கணீரென்று ஒரு குரல், தித்திப்பாக, நீளமாக, தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை, பெற்றவளின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை, என்ன பேசுகிறாள், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையே, பயத்தில் காது அடைத்துவிட்டதா. முன்வரிசைக்காரர் பக்கத்திலிருப்பவரைத் தட்டி, என்ன சார், தெலுங்கு பேசுகிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

தமீம் குனிந்தபடியே ஓடிவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், அந்த இருட்டிலும் அவன் முகம் செத்துப்போயிருந்தது தெரிந்தது. லேபில் அப்படித்தானாம், எந்த ஊருக்கு, எந்த மொழிக்குப் போட்ட பிரிண்டானாலும் டப்பாவில் மூலப் படத்தின் பெயரைத்தான் எழுதுவார்களாம், தமிழில் ஓடாத படத்தை ஆந்திராவிலாவது ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரோ தெலுங்கு பேச வைத்திருக்கிறார்கள், தமிழ்ப் பேரைப் பார்த்த சந்தோஷத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லையாம். 'மன்னிச்சிருங்க ஆன்ட்டி. நிறுத்திரட்டுமா?' என்றான். அம்மாவைப் பற்றி அவன் ஒருத்தனுக்குத்தான் சொல்லியிருந்தேன். 'ஓடட்டும் தம்பி, எல்லாரும் ஆசையா வந்திருக்காங்க,' என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன், எவ்வளவு பெருந்தன்மை, உள்ளுக்குள் டப்பா எழுதியவனை, தெலுங்குக்கு விற்றவனை, காய்ச்சலில் படுத்த அப்பாவை, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத் தேடலில் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன், கிடைக்காமலே போகலாம், கிடைத்தும் சத்தம் அழிந்துபோயிருக்கலாம், குரல் அடையாளம் தெரியாமல் போகலாம், இதற்குத் தயாராக இல்லை. அம்மாவைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள். அவளும் என்ன செய்வாள், பாவம், அவளும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள், அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும், இரக்கப்பட வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. அழுகைதான் வருகிறது. இந்த வயதில், இத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, படத்தையாவது பார்ப்போம். பார்த்தால் அதுவும் இல்லை. நெஞ்சுக்குள் நான் எடுத்து வைத்திருந்த படம் இதைவிட நல்ல படம். சித்தி சொன்ன துண்டு துக்காணியை எல்லாம் ஒட்டி நான் எடுத்ததில் பெரிய வீடு இருந்தது, ஊஞ்சல் இருந்தது, பர்ணாலி ஊஞ்சலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சுவாள், ஜன்னல் வழியே வெயில் விழும். இங்கே ஒரே அறை, ஒழுகுகிற ஓடு, புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, வருவான் வருவான் என்று ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் கதை. மோசம் என்று சொல்ல மாட்டேன், நடுநடுவே ஒரு பாத்திரத்தை, ஒரு கொடியில் காயும் துணியைக் காட்டும்போது மனசை என்னவோ செய்கிறது, ஆனால் ஐம்பது வருஷம் தேடுகிற படம் இல்லை. முன்வரிசைக்காரர் பூனை வரும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொள்கிறார், அவருக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருக்கிறது, நன்றாக இருக்கட்டும். எனக்குத் தெலுங்கு டிரங்க் லைனில் விஜயவாடாக்காரிகளோடு பேசிப் பழகிய அளவுக்குத்தான், லைன் கிடைக்கவில்லை, கொஞ்சம் இருங்கள், சாப்பிட்டாயிற்றா, இந்தப் படத்தில் யாரும் அதைப் பேசவில்லை. பிறகு அந்த இடம் வந்தது. முற்றத்தில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், துடைக்கிறாள், கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாள், இதுதான், சித்தி சொன்னது இதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பங்காரு தல்லி என்கிறாள் அந்தத் தித்திப்புக் குரல்காரி, தங்கமே என்கிறமாதிரி இருக்கிறது. நான் காதை விட்டுவிட்டுப் பர்ணாலியின் உதட்டைப் பார்த்தேன், யாரோ சொல்லிக்கொடுத்த தமிழைத்தானே அவள் வாயசைத்திருப்பாள். கண்ணே, இதோ வாய் விரிகிறது. செல்லமே, இதோ உதடு ஒட்டித் திறக்கிறது. எல்லாம் இருக்கிறது, வார்த்தை இருக்கிறது, வார்த்தை இருந்த இடம் இருக்கிறது, அம்மா இல்லை. போதும் என்று தோன்றிவிட்டது. இதற்குமேல் உட்கார்ந்திருப்பது என்னை நானே அடித்துக்கொள்வது. பையை எடுத்துத் தோளில் மாட்டினேன், எழுந்தால் பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்குமே, இந்தக் காட்சி மாறட்டும், அடுத்தது இருட்டாக வந்தால் நழுவிவிடலாம் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் இருந்தேன்.

அடுத்தது மழை. மத்தியான மழை, அறை மங்கலாக இருக்கிறது, பாயில் குழந்தையும் அவளும் படுத்திருக்கிறார்கள், அவள் முகம் சுவர்ப் பக்கம், நமக்கு முதுகும் பின்னலும்தான் தெரிகிறது. குழந்தை மல்லாந்து படுத்துக் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு என்னவோ கேட்கிறது, தெலுங்கில், கீச்சுக் குரலில். அதற்கு, 'ம்.' யார் அது. என் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. குழந்தை மறுபடி ஏதோ சொல்கிறது, மழைச் சத்தம் மெல்லிசாக இருக்கிறது, பேசி முடித்ததும் சத்தம் மாறுகிறது, மழை பலக்கிறது, கரகரவென்று இரைச்சல், வேறு ஒரு அறையின் கதவைத் திறந்தமாதிரி, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, 'ம்.' உடனே கதவு மூடிவிடுகிறது, குழந்தை பேசுகிறது, மெல்லிசு மழை. காது எனக்குப் பொய் சொல்லாது, எத்தனை வருஷம் லைனின் இரைச்சலை வைத்தே எந்த ஊர் என்று சொன்னவள், இது ஒட்டுப்போட்ட சத்தம், வார்த்தைகளைத்தான் மாற்றியிருக்கிறார்கள், வார்த்தை இல்லாததை அப்படியே விட்டுவிட்டார்கள். சிக்கனம் பிடித்த மனுஷன் யாரோ, ம் சொல்வதற்கு எதற்கு ஒருத்தியை நிற்க வைக்க வேண்டும், தமிழ் ம் தெலுங்கு ம் என்று இருக்கிறதா என்ன, முகமும் சுவர்ப் பக்கம் இருக்கிறது, விடு என்றிருப்பான். அவன் நன்றாக இருக்க வேண்டும், அவன் பிள்ளைகுட்டி நன்றாக இருக்க வேண்டும். 'ம்.' அம்மா. யோசிக்கவே இல்லை நான், அடையாளம் தெரியுமா தெரியாதா என்று இத்தனை பயந்தேனே, பயப்படக்கூட நேரமில்லை, காதுக்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, முதுகு சிலிர்த்து நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். பூசைக்குப் போய் வந்து சாப்பிட்டுவிட்டு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அவள் முதுகில் காலைப் போட்டுக்கொண்டு பேசுவேன், சிஸ்டர் என்னை முன்பெஞ்சுக்கு மாற்றிவிட்டார், ம், ரோஸ்லின் என் பென்சிலைக் கடித்துவிட்டாள், ம், நாளைக்கு எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிடு, ம். ஒவ்வொரு ம்மும் வேறு வேறு, பென்சிலுக்கு ஒன்று, பின்னலுக்கு ஒன்று, நான் பொய் சொன்னால் அதற்கென்று இழுத்து ஒன்று. பேச மாட்டேன் என்கிறாளே, ம் ம் என்கிறாளே என்று எவ்வளவு கோபம் எனக்கு, அதை நான் பேச்சில் சேர்க்கவே இல்லை, நினைவில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை, குப்பையோடு குப்பையாகத் தூக்கிப் போட்டுவிட்டு, பேசவில்லை பேசவில்லை என்று ஐம்பது வருஷம் ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். இதை அங்கே பழகிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாளா, என்னிடம் பழகிக்கொண்டு போய் அங்கே சொன்னாளா. கண்ணேயும் செல்லமேயும் எழுதிக்கொடுத்தது, யார் எழுதினார்களோ. ம் என்று யாரும் எழுதிக்கொடுத்திருக்க மாட்டார்கள், இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, இவ்வளவு பக்கத்திலிருந்து, இது வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது, என்னுடையது, என்னுடையதைத்தான் எடுத்துக்கொண்டு போய் அங்கே போட்டிருக்கிறாள். பையில் போன் இருக்கிறது, அணைத்திருக்கிறது, ஜிப்பைத் திறந்தால் அந்தச் சத்தத்தில் ஒரு ம் போய்விடும், வேண்டாம். குழந்தை கொஞ்சம் நிறுத்துகிறது. நிறுத்தாதே. கேளுடி, இன்னும் ஏதாவது கேளுடி என் தங்கமே, உனக்குத்தான் வாய் இருக்கிறதே. கேட்கிறது, நீளமாக, என்ன கேட்கிறதோ, தெலுங்கு தெரியாமல் போனது எவ்வளவு நல்லது, அது என்ன கேட்டாலும் அது நான் கேட்டது. இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதா அம்மா. 'ம்.' நான் வேலைக்குப் போனேன் தெரியுமா, கல்யாணம் ஆயிற்று, பேத்தி பிறந்து அதற்கு உன் பேரையே மேரி என்று வைத்திருக்கிறோம். 'ம்.' அந்தோணிக்குச் சர்க்கரை, சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். 'ம்...' என்று இழுத்தாள், அவனைப் பற்றி எப்போதும் அப்படித்தான் இழுப்பாள். உனக்கு அங்கே என் நினைவு வந்ததா என்று கேட்பதற்குள் குழந்தை பேச்சை நிறுத்திவிட்டது. கண் சொருகுகிறது, கை தளர்ந்து பாயில் விழுகிறது, தூங்கிவிட்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சுவரில் ஈரம் இறங்கிக்கொண்டிருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்திருடி, கேளுடி, இல்லை, முடிந்துவிட்டது, அடுத்த காட்சி வரப்போகிறது. அப்போது இரைச்சல் மாறியது. மழை பலத்தது. கேட்பதற்கு ஆளில்லாமலே அம்மா, 'ம்?' என்றாள், ஏன் நிறுத்திவிட்டாய், தூங்கிவிட்டாயா என்று முதுகைத் திருப்பாமலே கேட்கிற ம். பதில் சொல்ல அந்தப் பாயில் யாருமில்லை. 'தூங்கலம்மா,' என்றேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். 'முழிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்.'